அம்மாவின் கைக்கு ஒரு பட்டன் போன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஞாயிறு இணைப்பில், வயதான பெற்றோருக்கு ஸ்மார்ட்போன் பழக்கிக் கொடுங்கள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர்களுக்குப் பழக வரவில்லை என்றால் நமக்குப் பொறுமை போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றுதான் கட்டுரை முழுக்கப் போகிறது. அந்தப் போனே அவர்கள் கைக்குப் பொருந்தவில்லையோ என்று ஒரு வரிகூட இல்லை. என் அம்மாவுக்கு எட்டு மாதம் பழக்கிப் பார்த்தவன் நான். அந்த அனுபவத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் இருந்தால் போடுங்கள், வெட்டுவதாக இருந்தால் பட்டன் போன் வாங்கும்போது பார்க்க வேண்டிய விஷயங்களை மட்டுமாவது வெட்டாமல் போடுங்கள்.

அம்மாவுக்கு 76 வயது. சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாள். நான் விருதுநகரில் ஆசிரியர், தம்பி கோயம்புத்தூரில். எங்களோடு வா என்றால் வர மாட்டாள், வீட்டையும் இரண்டு ஆட்டையும் விட்டுவிட்டு எங்கே வருவது என்பாள். அதனால் எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது அந்தப் போன் ஒன்றுதான். காலையில் ஒரு தடவை, ராத்திரி சாப்பிட்டதும் ஒரு தடவை. அவள் குரலைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு நிம்மதி.

அவளுடைய முதல் போன் நோக்கியா 1100. 2006ல் வாங்கிக் கொடுத்தேன். 2003ல் வந்த மாடல் அது, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது என்று பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. உச்சியில் ஒரு டார்ச், தூசி உள்ளே போகாத மாதிரி மொத்தமும் ஒரே ரப்பர் விரிப்பாகப் பட்டன்கள், வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள். நம்மைப் போன்ற ஊர்களில் மண்ணும் வெயிலும் கரண்ட் கட்டும் எப்படி இருக்கும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த போன். கிணற்றடியில் விழுந்திருக்கிறது, ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன இடத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறது. பதினோரு வருஷம் ஓடியது. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து போனது. அதற்குப் பிறகு இன்னொரு பட்டன் போன் வாங்கினோம், சுமார்தான், ஆனாலும் காலம் ஓடியது.

போன வருஷம் பொங்கலுக்குத் தம்பி வரும்போது ஒரு டச் போன் வாங்கி வந்தான். பேத்தி முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று அவனுக்கு ஆசை. அம்மாவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. முதல் ஒரு வாரம் எல்லாம் சந்தோஷம்தான்.

அம்மா சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள், அதன் பிறகு வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவள். நாற்பது வருஷத்துக்கும் மேல் குச்சியும் பசையும் தாளும் பட்டுப்பட்டு அவள் விரல் நுனியில் ரேகையே தேய்ந்துவிட்டது, தோல் காய்ந்து மரத்துப்போய்விட்டது. அந்த விரலைக் கண்ணாடித் திரை கண்டுகொள்ளவே இல்லை. டச் திரை நாம் அழுத்துவதை வைத்து வேலை செய்வது கிடையாது, விரலில் இருக்கும் ஈரத்தையும் மின்தன்மையையும் வைத்துத்தான் தொட்டதை உணர்கிறது. காய்ந்து காய்ப்பேறிய விரல் அதற்கு ஒரு குச்சி மாதிரி. போன் அடிக்கும், அம்மா மேலே இழுப்பாள், ஒன்றும் நடக்காது, திரும்ப இழுப்பாள், அதற்குள் நின்றுவிடும். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு இழுத்துப் பார்ப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பழகாததால் வந்த கஷ்டம் என்று இதை எப்படிச் சொல்வது?

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. சனிக்கிழமை காலையிலும் அதே. டவர் பிரச்சினை என்று நினைத்தேன். மத்தியானம் தம்பி கோயம்புத்தூரிலிருந்து பதறிக்கொண்டு கூப்பிட்டான். பக்கத்து வீட்டுச் சித்திக்கு அடித்தால் அவர்கள் இருக்கன்குடி போயிருக்கிறார்கள். சாயங்காலம் பஸ் பிடித்து, சாத்தூரில் இறங்கி, டவுன் பஸ் கிடைக்காமல் ஆட்டோ பேசி, வீட்டுக்குப் போனபோது மணி எட்டு இருக்கும். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. "என்னய்யா, ரெண்டு நாளா நீயும் கூப்பிடலை, தம்பியும் கூப்பிடலை, என்னமோ ஏதோன்னு நான் இங்க கிடந்து தவிக்கேன்" என்றாள். போனை வாங்கிப் பார்த்தேன். மேலே சின்னதாக ஒரு விமானக் குறி. எங்கேயோ கை பட்டு ஏரோபிளேன் மோடுக்குப் போயிருக்கிறது. திரையில் வெளிச்சம் வருகிறது, சார்ஜ் இருக்கிறது, போன் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டு இரண்டு நாளும் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் சாத்தூரில் ஒரு கடையில் 850 ரூபாய்க்கு ஒரு பட்டன் போன் வாங்கினேன். அவசரத்தில் எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சிம்மைப் போட்டால் "சிம் இல்லை" என்கிறது. டச் போன் வாங்கியபோது தம்பி அம்மாவின் நம்பரை ஜியோவுக்கு மாற்றியிருந்தான். ஜியோவில் 2ஜி என்ற பழைய நெட்வொர்க்கே கிடையாது, 2016ல் வந்ததே 4ஜியாகத்தான், பேச்சும் அதன் வழியாகத்தான் போகும். நான் வாங்கியதோ 2ஜி போன். திரும்பக் கொண்டுபோனால், பெட்டியைப் பிரித்துவிட்டால் மாற்ற மாட்டோம் என்றார்கள். எந்த சிம் போடப் போகிறீர்கள் சார் என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. (அந்தப் போனைச் சித்திக்குக் கொடுத்தேன். அவர்களிடம் பிஎஸ்என்எல் சிம், அழகாக வேலை செய்கிறது.)

அதனால் பட்டன் போன் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சிம்மை. ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் என்றால் 2ஜி போனிலும் இன்றைக்குப் பேசலாம். ஜியோ என்றால் பெட்டியில் 4ஜி என்றும் வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசுகிற வசதி) என்றும் இரண்டும் போட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் எந்த சிம்மாக இருந்தாலும் 4ஜி போனாகவே வாங்குவது நல்லது. ஏர்டெல் 2020ல் 3ஜியை மூடியது, அந்த மாதிரி 2ஜியும் ஒரு நாள் போகத்தான் செய்யும், அன்றைக்கு இன்னொரு தடவை அம்மாவை அலைய வைக்க வேண்டாம். அப்புறம், சில போன்களில் ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும்தான் வேலை செய்யும், 2023ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் அப்படித்தான். விலை குறைவு என்று வாங்கிவிட்டு நாளைக்கு ஊரில் டவர் சரியில்லை என்று வேறு கம்பெனிக்கு மாறினால் போன் பயன்படாது. கிராமத்தில் இது பெரிய விஷயம். எங்கள் தெருவிலேயே ஒரு சிம்முக்கு வாசலில் கிடைக்கிற டவர் அடுப்படியில் கிடைக்காது.

மூன்றாவது தடவை அம்மாவையே கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் போனேன். இதை ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும். கடைக்காரர் நல்ல மனிதர், அம்மாவின் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்க்க விட்டார். பெரும்பாலான கடைகளில் பொம்மைப் போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். உண்மையான போனில், அவரவர் சிம்மைப் போட்டு, கடைக்கு வெளியே ரோட்டுச் சத்தத்தில் நின்று ஒரு நிமிஷம் பேசிப் பார்க்காமல் பட்டன் போன் வாங்கவே கூடாது என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான் மனசில் வைத்திருந்தது ஒரு மெல்லிய போன், பார்க்க லட்சணமாக இருந்தது. அம்மா அதை இரண்டு நிமிஷம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பட்டன்களுக்கு நடுவில் இடைவெளியே இல்லை, கட்டைவிரல் ஒன்றை அழுத்தினால் இரண்டு பட்டன் சேர்ந்து போகிறது. அவள் எடுத்தது கொஞ்சம் தடிமனாக, ஒவ்வொரு பட்டனும் தனித்தனியாக மேடு தட்டி நின்ற ஒரு போன். போனை மடியில் வைத்து, பார்க்காமலே கட்டைவிரலால் நடுவில் தடவினாள். 5ஆம் எண்ணின் மேல் ஒரு சின்னப் புள்ளி புடைத்திருக்கும், அதைத் தேடியிருக்கிறாள். அது கிடைத்ததும் மேலே 2, கீழே 8, பக்கத்தில் 4, 6 என்று சரியாக அழுத்திக் காட்டினாள். 1100 வைத்திருந்த காலத்தில் கண்புரை முற்றி ஆபரேஷன் செய்யும்வரை ஒரு வருஷம் இப்படித்தான் போன் போட்டுக்கொண்டிருந்தாளாம். எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்து அவள் பார்த்தது எடுக்கும் பட்டனும் வைக்கும் பட்டனும். பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் தெரிய வேண்டும், சில போன்களில் கறுப்புப் பட்டனில் நூல் மாதிரி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், யாருக்குத் தெரியும்? டார்ச்சுக்கு மெனுவுக்குள் போகக் கூடாது, ஒரே பட்டனை அழுத்திப் பிடித்தால் எரிய வேண்டும். இயர்போன் செருகாமலே எஃப்எம் பாட வேண்டும், எங்கள் பக்கம் கோடை பண்பலை 100.5 கேட்காமல் அவளுக்குப் பொழுது போகாது. கேமரா எதற்கு, எடுத்துவிட்டால் விலை குறையுமா என்று கடைக்காரரிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தக் கேமராவில் எடுத்தால் ஆள் அடையாளமே தெரியாது, அதற்குச் செலவழித்ததை ஸ்பீக்கருக்குச் செலவழித்திருக்கலாம்.

பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்று நான் பார்த்தேன். பட்டன் போனின் பெரிய பலமே அதுதான். நோக்கியாவின் பழைய பிஎல்-5சி அளவு பேட்டரி இன்னும் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, வேறு கம்பெனிப் போன்கள் பலவற்றிலும் அது பொருந்தும். ஆனால் மலிவான போலியை வாங்கினால் ஆறு மாதத்தில் வீங்கிவிடும். எங்கள் ஊர் ரிப்பேர் கடைத் தம்பி ஒரு வழி காட்டினார். பேட்டரியைக் கழற்றி மேஜையில் படுக்கவைத்து விரலால் சுற்றிவிட வேண்டும், பம்பரம் மாதிரி சுற்றினால் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம், நல்ல பேட்டரி தட்டையாகப் படுத்துக்கொள்ளும், சுற்றாது. வாங்கும்போது மேலே இந்தியத் தரக் குறியும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் அந்தத் தம்பி சொன்னதுதான். கிராமத்துப் பெண்களின் போன் பாதிக்குப் பாதி சார்ஜ் குத்துகிற ஓட்டையில்தான் கெடுகிறதாம், சுருக்குப்பையில் வெற்றிலை, சீவலோடு சேர்ந்து கிடப்பதால். அம்மாவின் பழைய போனில் அவர் ஊசியால் நோண்டி எடுத்தது முழுக்கக் காய்ந்த சுண்ணாம்பு. என் மனைவி இப்போது போனுக்கென்று தனியாக ஒரு சின்னப் பை தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

யாரும் பார்க்காத ஒரு விஷயம், போனில் எத்தனை மெசேஜ் நிற்கும் என்பது. அம்மாவின் ரேகைதான் தேய்ந்துவிட்டதே, ரேஷன் கடை மெஷினும் பல மாதம் அவள் விரலை எடுக்காது, அப்போது போனுக்கு வரும் ஓடிபியைத்தான் சொல்ல வேண்டும். முன்பு ஒரு மாதம் மூன்று தடவை அனுப்பியும் வரவே இல்லை, அரிசி வாங்காமல் திரும்பி வந்தாள். பார்த்தால் மெசேஜ் பெட்டி நிரம்பியிருக்கிறது, அத்தனையும் கம்பெனி விளம்பரம். மலிவான போன்கள் சிலவற்றில் நூறு மெசேஜ்கூட நிற்காது, நிரம்பிவிட்டால் புதியது உள்ளே வராது. இப்போது மாதம் ஒரு தடவை ஊருக்குப் போகும்போது நானே அழித்துவிட்டு வருகிறேன். விளம்பரத்தை நிறுத்த 1909க்குச் சொல்லி வைத்தேன், கேட்காமலே காலர் டியூன் போட்டுக் காசு பிடித்தால் அதை நிறுத்த 155223. தமிழில் வரும் மெசேஜ் தமிழாகவே தெரிகிறதா என்றும் கடையிலேயே ஒன்று அனுப்பிப் பாருங்கள். இந்தியாவில் விற்கிற போன்களில் நம் மொழிகளைப் படிக்க முடிய வேண்டும் என்று விதியே இருக்கிறது, இருந்தும் எழுத்து எறும்பு மாதிரி இருந்தால் என்ன பயன்?

வாங்கிய பிறகு ஸ்பீடு டயல் போட்டுக் கொடுத்தோம். 2ஐ அழுத்திப் பிடித்தால் நான், 3 தம்பி, 4 சித்தி, 6 ஊர் நர்ஸ். 5ஐயும் 9ஐயும் விட்டுவிட்டோம். 2017லிருந்து இங்கே விற்கிற போன்களில் ஆபத்துக்கு ஒரு பட்டன் இருக்க வேண்டும் என்பது சட்டம், பட்டன் போனில் 5 அல்லது 9ஐ நீளமாக அழுத்தினால் 112 என்ற அவசர உதவி எண்ணுக்குப் போகும். என் பள்ளி ஆசிரியர்கள் அறையில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் இது தெரியவில்லை. வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இதை ஒரு தடவையாவது காட்டிக் கொடுங்கள்.

யாராவது பழைய போன் வாங்குவதாக இருந்தால் *#06# அடித்தால் ஐஎம்இஐ என்று ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள பதினைந்து இலக்க எண் வரும், அதைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று போட்டு ஒரு இடம் விட்டு அந்த எண்ணை 14422க்கு மெசேஜ் அனுப்பினால் போனின் விவரம் திரும்பி வரும். திருட்டுப் போன் கையில் மாட்டாமல் இருக்கும்.

ரீசார்ஜ் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக அம்மாவின் பட்டன் போனுக்கும் தினமும் ஒன்றரை ஜிபி டேட்டா சேர்த்துத்தான் காசு கட்டிக்கொண்டிருந்தோம். அவள் ஒரு துளி டேட்டா தொட்டதில்லை. 2024 டிசம்பரில் தொலைபேசிக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் டிராய் ஆணையம் உத்தரவு போட்டது, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் எல்லாக் கம்பெனியும் கொடுக்க வேண்டும், ஒரு வருஷம் வரைகூடப் போடலாம் என்று. அடுத்த மாதமே வந்துவிட்டது. ஆனால் கடையில் வாய் விட்டுக் கேட்டால்தான் சொல்கிறார்கள், கேட்காதவர்களுக்கு வழக்கம்போல டேட்டா பேக்தான். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயை வைத்து மாதத்தை ஓட்டுகிற பெண்களிடம், பயன்படுத்தாத ஒன்றுக்குக் காசு வாங்குவது எனக்கு ரொம்பவே வருத்தமாக இருக்கிறது.

டச் போன் இல்லாவிட்டால் இந்தக் காலத்தில் ஒன்றும் நடக்காது என்கிறார்கள். எனக்கு அது வேண்டும், பள்ளி வருகைப்பதிவே செயலியில்தான் போடுகிறோம். அம்மாவுக்கு எது நடக்கவில்லை? இண்டேன் சிலிண்டருக்கு 84549 55555க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் பதிவாகிவிடுகிறது. பட்டன் போனில் பணம் அனுப்பவே ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யுபிஐ 123பே என்று கொண்டுவந்திருக்கிறது, வேண்டியவர்கள் பயன்படுத்தலாம். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள், கையில் எண்ணிக் கொடுத்தால்தான் அவளுக்குக் கணக்கு நிற்கும். சரி, பேத்தி முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தம்பி கேட்டான். ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் தன் போனில் பத்து நிமிஷம் காட்டுகிறாள். அது போதும் என்கிறாள் அம்மா.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று நான் எழுதவில்லை. எழுதினால் விளம்பரம் ஆகிவிடும், அடுத்த வருஷம் அந்த மாடலும் இருக்காது. விலை இரண்டாயிரத்துக்கு உள்ளேதான். உங்கள் பத்திரிகையில் வாரம் தவறாமல் இருபதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் போன்களைப் பற்றிக் கால் பக்கம் எழுதுகிறீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஐந்தாறு பட்டன் போன்களை வாங்கி, எழுபது வயதுக்காரர்கள் நாலு பேர் கையில் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்து, சத்தம் எப்படி, சார்ஜ் எத்தனை நாள், பட்டன் எப்படி என்று அவர்கள் சொல்வதை அப்படியே போடுங்கள். கடைக்காரர்களும் வாடிக்கையாளரின் சிம்மைப் போட்டுப் பார்க்க ஒரு போனையாவது வெளியே எடுத்து வைக்கட்டும்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். 2ஐ அழுத்தினாளாம். மழை பெய்கிறது, ஆட்டை உள்ளே கட்டிவிட்டேன், டார்ச் இருக்கிறது, நீ வர வேண்டாம் என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விருதுநகர்.